நீலகிரியில் குப்பை, டீ, காரட், சீகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரிக்குப் பக்கத்தில் எங்களுக்கு முக்கால் ஏக்கர் தேயிலை இருக்கிறது. வீட்டு மாடியில் விருந்தினருக்கென்று இரண்டு அறைகள். ஊரில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடைக்கரையைச் சுத்தம் செய்கிறோம். இதனால் என்னிடம் கேள்வி கேட்பவர்கள் அதிகம். சமவெளியிலிருந்து வருபவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். ஊர்க்காரர்கள் கேட்பதில் காரம் தூக்கலாக இருக்கும். இரண்டையும் கலந்து எழுதியிருக்கிறேன்.

கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சையாகத்தானே இருக்கிறது? இங்கே காப்பாற்ற என்ன இருக்கிறது?

பச்சையிலும் பல ஜாதி உண்டு. மலையேறும்போது சீராக முடி வெட்டிவிட்டதுபோல் தெரிவது தேயிலை. பட்டை உரிந்து, தைல வாசத்தோடு நெட்டையாக நிற்பது கற்பூர மரம் (யூகலிப்டஸ்). மஞ்சள் பூ பூத்து மண்டிக் கிடப்பது சீகை (வாட்டில் மரம், சீகைக்காய் இல்லை). இடையிடையே பைன். இவற்றில் ஒன்றுகூட இந்த மலையில் பிறந்ததில்லை. கற்பூர மரமும் சீகையும் 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. குளிருக்கு விறகு வேண்டும் என்று வெள்ளைக்காரர்கள் வைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நாமே தொழிலுக்காகப் புல்வெளிகளில் பரப்பினோம். சீகைப் பட்டை தோல் பதனிடப் போனது. கற்பூர மரம் சிறுமுகையில் இருந்த விஸ்கோஸ் ஆலைக்குக் கூழாகப் போனது.

மலையின் சொந்தப் பச்சை சோலையும் புல்வெளியும்தான். மலை மடிப்புகளில், ஈரம் தங்கும் இடத்தில், பாசி படிந்த குட்டை மரங்கள் நெருக்கியடித்து நிற்பது சோலை. அதற்கு மேலே மொட்டையாகத் தெரிகிற மேடுகளில் புல். மழை விழுந்ததும் புல்லின் வேர்ப்பின்னல் தண்ணீரைப் பிடித்து மெல்ல மெல்லக் கீழே விடுகிறது. அதனால்தான் மழை நின்று பல மாதம் கழித்தும் ஓடைகளில் தண்ணீர் ஓடுகிறது. பைக்காராவில் 1932-லேயே மின்சாரம் எடுக்க முடிந்ததும், பவானியில் கோடையிலும் தண்ணீர் வருவதும் இந்த ஏற்பாட்டினால்தான். கோத்தகிரியில் லாங்வுட் சோலை என்று ஒன்று இருக்கிறது. 116 ஹெக்டேர்தான், நடந்தே சுற்றிவிடலாம். சுற்றியிருக்கிற பல ஊர்களின் குடிநீர் அதிலிருந்துதான் வருகிறது. 2024-ல் அதை ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்த்தார்கள். காட்டைப் போய் ஈரநிலம் என்கிறார்களே என்று பலர் குழம்பினார்கள். எங்கள் ஊர்க் குழாயைத் திறந்து பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும்.

பிளாஸ்டிக் தடை இங்கே எப்போதிலிருந்து? என்னென்ன கொண்டுவரக்கூடாது?

தமிழ்நாடு முழுக்க 14 வகை ஒருமுறை பயன்பாட்டுப் பொருட்களுக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1-ல். நீலகிரி அதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. 2000களின் தொடக்கத்தில், சுப்ரியா சாஹு ஆட்சியராக இருந்தபோது பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகளுக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். இங்கே கடைக்காரர் காகிதத்தில் பொட்டலம் கட்டுவதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள்தான் வியக்கிறார்கள்.

இப்போதைய நிலை இது: கேரிபேக், பிளாஸ்டிக் தட்டு, கப், உறிஞ்சுகுழல் எதுவும் கூடாது. 5 லிட்டருக்குக் குறைவான தண்ணீர் பாட்டிலும் கூடாது. சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தி எடுத்துவிடுவார்கள். வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டுவந்தால் முக்கிய இடங்களில் உள்ள தண்ணீர் ஏடிஎம்மில் நிரப்பிக்கொள்ளலாம். சில இயந்திரங்கள் வேலை செய்யாது, அதையும் சொல்லிவிடுகிறேன். டீக்கடையில் கேளுங்கள், கொதிக்கவைத்த தண்ணீரை மறுக்கிற கடையை நான் இன்னும் பார்க்கவில்லை.

துணிப்பை தயாரிக்கவும் தண்ணீரும் மின்சாரமும் செலவாகிறதே?

ஆகிறது. அதனால்தான் புதுத் துணிப்பையை வாங்கி வாங்கி அடுக்குவதில் அர்த்தமில்லை. கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்த மஞ்சப்பை ஏழெட்டு எல்லார் வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் தொங்கும். அதில் ஒன்றை மடித்து வண்டி டிக்கியில் போட்டுவையுங்கள். அரசு 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கம் தொடங்கியபோது என் மாமியார் கேட்டார்: “மீண்டும்னா? நான் எப்போ விட்டேன்?”

ஒரு ஆள் மாறுவதால் என்ன ஆகிவிடப்போகிறது?

ஊர்க்காரர்கள் கேட்கிற காரமான கேள்வி இது. பதிலாக மதுபாட்டில் கதையைச் சொல்கிறேன்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை வேலையில் பெரிய தலைவலி பிளாஸ்டிக் இல்லை, கண்ணாடிதான். சாலை வளைவுகளில் உட்கார்ந்து குடிப்பவர்கள் பாட்டிலைச் சரிவில் வீசுவார்கள். அது பாறையில் பட்டுச் சிதறும். காட்டெருமைக்கும் யானைக்கும் குளம்பு, பாதம் எல்லாம் கிழியும். இலை பறிக்கிற பெண்களுக்குக் கால் கிழியும். ஒருமுறை எனக்கே கிழிந்து நான்கு தையல். ‘பாட்டில் வீசாதீர்’ என்று நாங்கள் பலகை வைத்தோம். பலகையின் காலடியிலேயே மூன்று பாட்டில் கிடந்தது.

2022 மே மாதம், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி, நீலகிரி டாஸ்மாக் கடைகளில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் 10 ரூபாய் கூடுதலாக வாங்க ஆரம்பித்தார்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும். அவ்வளவுதான் திட்டம். விற்றதில் மிகப் பெரும்பகுதி திரும்பி வந்தது. குடித்தவர் கொண்டுவராவிட்டாலும் வேறொருவர் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார். எங்கள் சரிவில் இப்போது கிடைப்பதெல்லாம் பழைய பாட்டிலின் சில்லுகள்தான். பிறகு இதே ஏற்பாட்டை மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுபோனார்கள்.

குடிப்பவர்கள் ஒரே ராத்திரியில் திருந்திவிடவில்லை. 10 ரூபாய்தான் வேலை செய்தது. அதனால் ‘ஒரு ஆள் மாறினால் என்ன’ என்று கேட்பவரிடம் நான் வேறு ஒன்று கேட்பேன்: மாறுவதை எளிதாக்க உங்கள் கடையில், உங்கள் விடுதியில், உங்கள் ஃபேக்டரியில் என்ன ஏற்பாடு இருக்கிறது? நல்ல மனசு எல்லாருக்கும் உண்டு. மழையில் நனைந்துகொண்டு, கையில் குழந்தையோடு நிற்கும்போது நல்ல மனசு கொஞ்சம் வழுக்கும். பக்கத்திலேயே ஒரு தொட்டி இருந்தால் வழுக்காது.

குப்பையைப் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?

சில இடங்களில் கொட்டுகிறார்கள். எங்கள் தெருவிலேயே இரண்டு மாதம் அப்படி நடந்தது. பிரிப்பதை நிறுத்திவிடலாமா என்று எனக்கும் தோன்றியது. ஆனால் ஒன்று யோசியுங்கள். ஈரக் குப்பையை வெளியே கொடுக்காமல் வீட்டிலேயே முடித்துக்கொண்டால், வண்டியில் போவது உலர் குப்பை மட்டும்தான். அதை எப்படிக் கொட்டினாலும் பிறகு பிரிக்க முடியும். மீன் கழிவும் டயப்பரும் சாம்பார்ச் சோறும் கலந்த மூட்டையை எவர் பிரிப்பார்?

மலையில் ஈரக் குப்பைக்கு இன்னொரு பிரச்சினை உண்டு. போன கோடையில் ஒரு விடுதிக்குப் பின்னால் காட்டெருமை ஒன்று கருப்புப் பையைக் கொம்பில் மாட்டிக்கொண்டு நின்றது. தலையை உதறி உதறிப் பையைக் கிழித்து, பரோட்டாவை நக்கி எடுத்தது. கூடவே பையின் ஒரு முழம் உள்ளே போனதையும் பார்த்தேன். கரடி இரவில் வரும். இப்படி ருசி கண்ட விலங்கு காட்டுக்குத் திரும்பாது. அப்புறம் ‘வனவிலங்கு தொல்லை’ என்று மனு கொடுப்பதும் நாம்தான்.

இங்கே குளிரில் மட்கு ஆவது மெதுவாக நடக்கும், அதில் ஏமாற வேண்டாம். சமவெளியில் இரண்டு மாதத்தில் ஆவது இங்கே நான்கைந்து மாதம் ஆகலாம். மூடி போட்ட டிரம்மில் ஒரு கை காய்கறிக் கழிவுக்கு இரண்டு கை காய்ந்த சருகு போடுங்கள். நாற்றம் வந்தால் சருகு போதவில்லை என்று அர்த்தம். சருகுக்கு மலையில் பஞ்சமா?

உலர் குப்பைக்கு வழி இருக்கிறது என்பதற்குக் குன்னூர் ஓட்டுப்பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். குப்பைமேடாக இருந்த இடத்தை ‘கிளீன் குன்னூர்’ என்ற தன்னார்வ அமைப்பு நகராட்சியோடு சேர்ந்து ஒழுங்காக்கியது. தரம் பிரித்து, அழுத்திக் கட்டுக்கட்டாகக் கட்டி அனுப்புகிறார்கள். பாலித்தீன், அட்டை, பாட்டில் எல்லாவற்றையும் விலை கொடுத்து வாங்க ஆள் உண்டு. சிப்ஸ், பிஸ்கட் உறைகளைத்தான் யாரும் சீந்த மாட்டார்கள். உள்ளே அலுமினியப் பூச்சு, வெளியே பிளாஸ்டிக். பிரிக்க முடியாத ஒட்டு. 2016-ன் பிளாஸ்டிக் கழிவு விதிகள், உறையைத் தயாரித்துச் சந்தையில் விடுகிற நிறுவனமே அதைத் திரும்ப எடுக்கப் பொறுப்பு என்கின்றன. ஆனால் 5 ரூபாய் பாக்கெட்டுக்கு யாரும் பாட்டிலைப்போல வைப்புத்தொகை வைக்கவில்லை. ஓடையில் நாங்கள் பொறுக்குவதில் பாதிக்கு மேல் அந்த உறைகள்தான்.

டீ குடிப்பதே தப்பா?

நான் டீ விற்றுச் சாப்பிடுகிறவள். அதை மனதில் வைத்துக்கொண்டு இந்தப் பதிலைப் படியுங்கள்.

ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு சுமார் நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். மீதி மூன்றரை கிலோ? தண்ணீர். ஃபேக்டரி என்பதே ஒருவகையில் அந்தத் தண்ணீரை ஓட்டுகிற இடம்தான். இலையை முதலில் தொட்டியில் பரப்பிக் காற்றடித்து வாட்டுவார்கள். நறுக்கிப் புளிக்கவிட்டு, டிரையரில் சூட்டுக்காற்றில் காய வைப்பார்கள். அந்தச் சூடு விறகிலிருந்து வருகிறது. ஒரு கிலோ தூளுக்கு ஒரு கிலோவுக்கும் கூடுதலாகவே விறகு எரிகிறது. ஆக, உங்கள் டம்ளரில் இருக்கும் இரண்டு கிராம் தூளுக்குப் பின்னால் இரண்டு கிராமுக்கு மேல் கட்டை இருக்கிறது. ஒரு டம்ளருக்கு அற்பம். ஒரு மாவட்டத்துக்குக் கணக்குப் போட்டால் அற்பமில்லை.

இதில் ஃபேக்டரிகள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, பெரும்பாலும் அவர்களுக்கே லாபமானது. விறகின் ஈரம் ஒன்றைப் பாருங்கள். அப்போதுதான் வெட்டிய கற்பூரக் கட்டையில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். அதை அப்படியே அடுப்பில் தள்ளினால் சூட்டில் ஒரு பங்கு கட்டையின் தண்ணீரை ஓட்டவே போய்விடும், இலைக்கு மிச்சம்தான். நாங்கள் இலை போடும் ஃபேக்டரி ஒன்றில் விறகு திறந்தவெளியில் மழையில் நனைந்துகொண்டு கிடக்கும். காய்ந்த கட்டையை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று சத்தம் வரும். அங்கே தட்டிப் பார்த்தேன், தொப் தொப் என்றது. ஒரு தகரக் கொட்டகை போட்டு, பிளந்து அடுக்கி, நான்கைந்து மாதம் காயவிட்டால் விறகுச் செலவு கண்ணால் தெரிகிற அளவுக்குக் குறையும். புகைக்குழாயில் வீணாகப் போகிற சூட்டை வாட்டும் தொட்டிக்குத் திருப்புவது, கூரையில் சூரியவெப்பத் தகடு வைத்துக் காற்றை முன்கூட்டியே சூடேற்றுவது என்று அடுத்தடுத்த படிகளும் இருக்கின்றன.

தோட்டத்துப் பக்கம் வந்தால் களைக்கொல்லிதான் எனக்குப் பிடிக்காத விஷயம். ஆள் கிடைக்கவில்லை, கூலி கட்டவில்லை என்று அடிக்கிறார்கள். அந்தக் கஷ்டம் எனக்கும் தெரியும், நானும் அடித்திருக்கிறேன். அடித்த இடத்தில் மண் வெறுமையாகிவிடும். அடுத்த மழையில் செம்மண்ணாகக் கரைந்து ஓடும். இப்போது கவாத்து வெட்டிய குச்சியையும் இலையையும் அள்ளி அடுப்புக்குக் கொண்டுபோகாமல் வரிசைக்கு நடுவில் அப்படியே போட்டுவிடுகிறோம். களை பாதியாகக் குறைந்தது. மீதியை அரிவாளால் அறுக்கிறோம்.

குடிக்கிறவர் என்ன செய்யலாம்? விலை மலிவான தூளுக்குப் பின்னால் ஓடாமல் இருக்கலாம். பச்சை இலைக்குச் செலவே கட்டாத விலை வரும்போது எந்தச் சிறு விவசாயியும் மண்ணைப் பற்றி யோசிக்க மாட்டார். சிறு விவசாயிகளின் 16 கூட்டுறவு ஃபேக்டரிகள் சேர்ந்த இன்ட்கோசர்வ் 1965-லிருந்து இருக்கிறது; ரேஷன் கடையில் பார்க்கும் ஊட்டி டீ அவர்களுடையதுதான். அப்புறம், டிப் டீ பைகளில் பல பிளாஸ்டிக் இழை கலந்தவை; மட்கு டிரம்மில் போட்டால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். தூளை வடிகட்டிக் குடியுங்கள், சக்கை ரோஜாச் செடிக்கு.

காரட்டுக்கும் ஆற்றுக்கும் என்ன சம்பந்தம்?

கேத்தி பாலாடா பக்கம் போனால் பள்ளத்தாக்கு முழுக்கக் காரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு. பிடுங்கிய காரட்டில் மண் அப்பியிருக்கும். அதை இயந்திரத்தில் போட்டு உருட்டிக் கழுவி, ஆரஞ்சு நிறம் பளபளக்க மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குகிறார்கள். கழுவிய தண்ணீர் ஓடைக்குப் போகும். மண், பூச்சிமருந்து, உரம் எல்லாம் அதோடு. ஓடை கடைசியில் பவானிக்கு. பவானி ஈரோட்டுக்கு. கழுவும் இயந்திரங்களை ஓடைக்கரையிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லிக் கெடுபிடியும் நடந்திருக்கிறது. கழுவிய நீரைத் தொட்டியில் தேக்கி, மண்ணைப் படியவிட்டுத் தெளிந்ததைத் திரும்பப் பயன்படுத்துவதுதான் சரியான வழி. வண்டல் வயலுக்கே திரும்பிப் போகலாம், அது அங்கிருந்து வந்த மேல்மண்தானே.

ஆனால் ஏன் கழுவுகிறார்கள்? பளபளப்பாக இருந்தால்தான் சென்னையில் விலை. மண்ணோடு இருக்கும் காரட் கழுவியதைவிட அதிக நாள் வாடாமல் இருக்கும். மண்ணோடு வாங்கி வீட்டில் கழுவுகிற கூட்டம் ஒன்று உருவானால் இந்த ஓடைகளுக்குப் பாதி வேலை குறையும்.

சரிவில் பாத்தியை மேலிருந்து கீழாகப் போடுவதும் இங்கே பழக்கம். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானதுதான், ஆனால் தண்ணீரோடு மேல்மண்ணும் இறங்குகிறது. சரிவுக்குக் குறுக்கே படிக்கட்டுத் தட்டுகள் அமைத்து, லேசான சாய்வில் வடிகால் விட்டால் இரண்டும் சரியாகும். உதகையில் 1954-லிருந்து மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. போய்க் கேட்டால் சொல்லித் தருவார்கள்.

களைச்செடிகளை அழிப்பதில் தொழில்களுக்கு என்ன வேலை?

முதுமலையில் மஞ்சள்கொன்றை என்று ஒரு மரம். பூத்தால் அள்ளிக்கொள்ளும் அழகு. அழகுக்காகவும் விறகுக்காகவும் கொண்டுவந்து வைத்தது, இப்போது நூற்றுக்கணக்கான ஹெக்டேரில் அடியில் ஒரு புல்லைக்கூட வளரவிடாமல் நிற்கிறது. மானும் யானையும் சாப்பிட ஒன்றுமில்லை. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நான்கு மடங்கு துளிர்க்கும். வெட்டி அகற்ற அரசிடம் அவ்வளவு பணமும் இல்லை. கரூர் காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்துக்குக் கூழுக்கு மரம் வேண்டும். இதை எடுத்துக்கொள்ள அதற்கு அனுமதி கொடுத்தார்கள். ஒரு காலத்தில் கூழுக்காகப் புல்வெளியில் மரம் நட்டோம். இப்போது கூழுக்காகவே அந்நிய மரம் வெளியே போகிறது. இந்தத் திருப்பம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே நிபந்தனை: மரம் தீர்ந்ததும் ஆலையும் கிளம்பிவிட வேண்டும். ‘மறுபடி கொஞ்சம் வளர்க்கலாமே’ என்று யாருக்கும் யோசனை வரக்கூடாது.

உண்ணிச்செடி இன்னொன்று. கூடலூர்ப் பக்கம் பெட்டகுறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளிகர் சமூகத்தவர் அதன் குச்சியை வேகவைத்துப் பட்டை உரித்து, இரும்புச் சட்டத்தில் வளைத்துக் கட்டி ஆள் உயரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் செய்கிறார்கள். 2021-ல் அவை லண்டன் பூங்காக்களில் கூட்டமாக நின்றன. 2024-ல் அமெரிக்கா போயின. காட்டை நெரிக்கிற செடி, காட்டில் வாழ்பவர்களுக்குக் கூலியாகிறது. யானை வாங்க நமக்கு வசதி இல்லை, சரி. நாற்காலி, கூடை என்றும் செய்கிறார்கள்.

சுற்றுலா வருகிறோம். எங்களால் என்ன கெடுதல்?

வண்டி. மே மாதம் உதகையில் நடப்பது சுற்றுலா இல்லை, பார்க்கிங். அதனால்தான் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள்: உதகைக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசுப் பேருந்தில் வந்தால் பாஸ் தேவையில்லை. மேட்டுப்பாளையம் வரை ரயில், அங்கிருந்து பேருந்து என்று வாருங்கள். மலை ரயிலில் இடம் கிடைத்தால் யோகம்.

அடுத்தது வெந்நீர். குளிர் ஊரில் விடுதியின் மின்கட்டணத்தில் பெரிய பங்கு கீசருக்குத்தான். எங்கள் மாடியில் சூரியவெப்ப வெந்நீர்த் தொட்டி வைத்தோம். ஜூலை மாத மழையில் அது வெறும் அலங்காரம், பொய் சொல்ல மாட்டேன். டிசம்பர் முதல் மே வரை கீசரைத் தொடுவதே இல்லை.

கேம்ப் ஃபயர் கேட்பார்கள். நான் கொடுப்பதில்லை. அந்த விறகு எங்கிருந்தோ வர வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் ஒரு பொறி போதும், மலையே பற்றிக்கொள்ளும். போர்வையும் சுக்குக் காபியும் தருகிறேன். இதற்காக ஒரு நட்சத்திரம் குறைத்தவர்கள் உண்டு.

சொந்த நிலத்தில் வீடு கட்டவும் இத்தனை கட்டுப்பாடா?

மலையில் நிலம் உங்களுடையதாக இருக்கலாம், சரிவு உங்களுக்குக் கீழே இருப்பவருடையது. 2009 நவம்பர் மழையில் இங்கே மண்சரிவில் 43 பேர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை கொட்டியது. உயரம் 7 மீட்டருக்கு மேல் கூடாது என்று 1993-லேயே பெருந்திட்டத்தில் எழுதியதும், ஜேசிபி இறக்க அனுமதி கேட்பதும் இதற்காகத்தான். சரிவைச் செங்குத்தாக வெட்டி, வெட்டிய மண்ணை ஓடையில் தள்ளி, மேலே சிமெண்ட் பூசினால் தண்ணீர் போக வழி இல்லை; சுவரைத் தள்ளிக்கொண்டு வரும். தடுப்புச்சுவரில் வடிகுழாய் விடச் சொல்லிக் கொத்தனாரிடம் சண்டை போட்டாவது வாங்குங்கள்.

கொடைக்கானல் பாதரசம் என்கிறார்களே, அது என்ன?

நம் ஊர்க் கதை இல்லையென்றாலும் மலைக்காரர்கள் எல்லாருக்கும் பாடம். 1980களில் கொடைக்கானலில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை வந்தது. பிறகு அது இந்துஸ்தான் லீவர் வசம் போனது. ‘புகை இல்லாத, சுத்தமான தொழில்’ என்பதுதான் அதைப் பற்றிய பேச்சு. 2001-ல் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்தது வெளியே வந்தது. ஆலையை மூடினார்கள். ஆலைக்குப் பின்னால் பாம்பார் சோலை. தண்ணீர் இறங்குவது வைகைப் பக்கம். முன்னாள் தொழிலாளர்கள் நடத்திய நீண்ட வழக்கில் 2016-ல்தான் உடன்பாடு வந்தது. மண்ணைச் சுத்தம் செய்யும் பேச்சு அதற்குப் பிறகும் ஓடியது.

ஒரு தொழில் வருகிறது என்றால் ‘எத்தனை பேருக்கு வேலை’ என்று முதலில் கேட்போம். கேட்கத்தான் வேண்டும். கழிவு எந்த வண்டியில் எங்கே போகும் என்பதையும் அதே கூட்டத்தில் கேட்டுவிடுங்கள். வீட்டில் பழைய பாதரசத் தெர்மாமீட்டர் உடைந்தால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். துளி சிதறிப் பரவும். ஜன்னலைத் திறந்துவிட்டு, கையுறையோடு தடிமனான காகிதத்தால் ஒதுக்கி எடுத்து, மூடியுள்ள கண்ணாடி பாட்டிலில் போட்டுத் தனியாகக் கொடுங்கள்.

இவ்வளவு எழுதியவர் மரம் நடுவதைப் பற்றிச் சொல்லவே இல்லையே? எங்கள் நிறுவனம் நீலகிரியில் ஆயிரம் மரக்கன்று நட விரும்புகிறது.

ஆயிரம் கன்றும் நட இடம் கேட்டால் பெரும்பாலும் புல்வெளியைத்தான் காட்டுவார்கள், ‘சும்மா கிடக்கிறது’ என்று. அது சும்மா கிடக்கவில்லை. அதன் வேலை தண்ணீர் பிடிப்பது. வரையாட்டுக்கும் தோடர்களின் எருமைக்கும் அதுதான் மேய்ச்சல். சோலை மரம் வேண்டுமென்றால் சோலை ஓரத்தில், நாவலும் விக்கியும் போல இங்கேயே முளைத்த நாற்றை, அதுவும் வனத்துறை அனுமதியோடு வைக்க வேண்டும். அவை வருடத்துக்கு ஒரு சாண் வளர்ந்தால் பெரிது. போட்டோவில் நன்றாக வராது.

உங்கள் ஆட்களுக்கு வேலை வேண்டுமென்றால் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பொதுநிலத்தில் சீகை நாற்று முளைத்துக்கொண்டே இருக்கிறது. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும். தீப்பட்டால் இன்னும் உற்சாகமாக முளைக்கும். முழங்கால் உயரம் வருவதற்குள் பிடுங்கிவிட்டால் கையாலேயே முடிந்துவிடும், விட்டால் கோடாலி. வருவதானால் நல்ல மழை பெய்த மறுநாளாகப் பார்த்து வாருங்கள். மண் இளகியிருக்கும், இழுத்தால் வேரோடு வரும். கையுறையும் முழங்கால்வரை பூட்ஸும் கொண்டுவாருங்கள். அட்டைக்கு உப்பு நாங்கள் வைத்திருக்கிறோம். பேனர் வேண்டாம்.